பள்ளி மூடிய நாளில் அம்மா எழுதுவது

அன்பு மகன் அருளுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அம்மா நலம். ரத்த அழுத்த மாத்திரையை நாள் தவறாமல் போடுகிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இன்று பள்ளி மூடியாயிற்று. கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் புழுதி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மேசை மேல் பூவரசம் இலையில் சுருட்டிய பீப்பி ஒன்று கிடந்தது. யார் வைத்தார்களோ. நீ சுருட்டினால் சத்தமே வராது, அப்பாவிடம் கொண்டுபோய் ஊதச் சொல்லுவாய்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு வருவாய் என்று இலையைக்கூட எண்ணி எடுத்து வைத்தேன். நீ வரவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை போனில் பேசினாய். "நன்றாக இருக்கிறேன் அம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்றாய். 34 வருடம் பிள்ளைகளின் குரலைக் கேட்டு வாழ்கிறவள் நான். 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லும் தொனியிலேயே வீட்டில் சாப்பிட்டு வந்தானா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். நிர்மலாவும் முன்போல் பேசுவதில்லை. குழந்தையைப் போனில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

மதுரையிலிருந்து சின்னம்மா பேசினாள். அவள் சொன்னதை நான் முழுதாகக் காதில் வாங்கவில்லை. ஒன்றைப் பத்தாக்குவாள், மேலூர் வீட்டு விஷயத்தில் நாம் பட்டது போதாதா. அதனால் உன் வேலையைப் பற்றி எதையும் நான் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்தக் காகிதமாக இருந்தாலும் முழுதாகப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. அவசரப்படுத்தினால் நாளைக்குத் தருகிறேன் என்று சொல். வேளைக்குச் சாப்பிடு.

இங்கே எங்களுக்கு எண்ணிக்கைக் கவலைதான். இப்போது 63 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு 14 பேரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தேவகோட்டைக்குப் போகிறார்கள். மீதி 49. ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் கணக்கில் 61 பேர் இருந்தால்தான் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் நிற்கும். 60 என்றால் இரண்டு பேர்தான், ஒருவர் உபரி. பணியில் இளையவர் பிரியா டீச்சர், கைக்குழந்தைக்காரி. ஆக 12 பிள்ளைகளைத் தேட வேண்டும். நாளையிலிருந்து நானும் பிரியாவும் துண்டறிக்கையோடு தெருத் தெருவாகப் போகிறோம். வேன் வந்து வாசலில் நிற்கும் பள்ளிகளோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது? 2024 ஜூலை 15 முதல் நம்மைப் போன்ற கிராமத்து உதவிபெறும் பள்ளிகளிலும் காலை உணவு போடுவதால் கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் ஓரளவு நம்பி அனுப்புகிறார்கள். அது பெரிய உபகாரம். முன்பெல்லாம் பதினோரு மணிக்கு மயங்கி விழும் பிள்ளைகள் இருந்தன.

போகிற 14 பேரில் ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு எதிரே பெரிய வீடு பூட்டிக் கிடக்குமே, நீயும் அந்தோணியும் திண்ணையில் உட்கார்ந்து மழைக்கு ஒதுங்குவீர்களே, அந்த வீட்டுக் காவல்காரர் மகள் தேவி. மூன்றாம் பருவத் தேர்வில் 'எங்கள் வீடு' என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"எங்கள் வீடு பெரிய வீடு. 3 முற்றம் இருக்கிறது. அது எங்கள் வீடு இல்லை. அப்பா காலையில் திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டுவார். நாங்கள் பின்கட்டில் இருக்கிறோம்."

ஒரு பிழை இல்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன். போட்ட பிறகும் தாளை மூட மனம் வரவில்லை. ஒருநாள் அவளைக் கொண்டுவிடப் போனபோது உள்ளே பார்த்தேன். ஆத்தங்குடிக் கல் காலடி பட்டுப் பட்டுத்தான் பளபளக்கும். அங்கே நடக்க ஆளில்லாமல் மங்கிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளை வாசலில் பாதத்தை இரண்டு தடவை துடைத்துவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து பின்கட்டுக்குப் போகிறாள்.

மாசியில் அந்த வீட்டுச் சொந்தக்காரர்களின் பங்காளிகள் எல்லோரும் முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கு வந்திருந்தார்கள். கூட்டம் நிறைந்த வீட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது. வீட்டுக்கார ஆச்சி நல்ல மனுஷி, ஒருவரையும் நேராகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளைக் காணோம் என்றதும் எல்லோர் வாயும் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் கேட்கிறது. இரண்டு நாள் தேவி பள்ளியில் வாயே திறக்கவில்லை. காலையில் பொங்கலைத் தட்டில் வாங்கி அப்படியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கிண்ணம் வேறொரு பெட்டிக்குள், பட்டுத்துணி மடிப்பில் கிடைத்தது. அது கிடைப்பதற்கு முந்தின நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் அப்பா எடுக்கவில்லை என்று டீச்சருக்குத் தெரியும்" என்றேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பார், அப்படி ஒரு அழுகை. அழுது முடித்துவிட்டுத் தட்டை எடுத்துச் சாப்பிட்டாள்.

சாவி வைத்திருக்கிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரியும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ வேலை பார்க்கும் நகைக்கடன் கிளையின் லாக்கர் சாவி உன் பொறுப்புக்கு வந்த அன்று இந்தத் தெரு முழுக்கச் சொன்னேன். பால்காரரிடம்கூடச் சொன்னேன். நம்பிக்கையான பையன் என்றால்தான் கொடுப்பார்கள் என்று பெருமையடித்தேன். இன்றும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் தங்கம் புழங்குகிற இடத்தில் எடையை எழுதும்போது இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாயா? உனக்கு எல்லோரும் உன்னைப்போல. போகட்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அருள், தேவியிடம் அந்த வார்த்தையைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்த ஒரு வார்த்தையை நான் உனக்குச் சொல்லவில்லை.

1999-இல் ஒரிசாவில் புயல் அடித்து ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் நிவாரணத்துக்குக் காசு சேர்த்தோம். நீ என் வகுப்பில்தான் ஐந்தாவது படித்தாய். பால்மாவு டப்பாவில் துளை போட்டு உண்டியல் செய்ததும் நீதான், தினமும் அதைத் தலைமை ஆசிரியை சிஸ்டர் அறையில் வைத்துவிட்டு வருவதும் நீதான், அலமாரிச் சாவியும் உன் கையில். ஒருநாள் காலையில் எண்ணினால் 42 ரூபாய் குறைந்தது. சில்லறை இருந்தது, நோட்டுகளைக் காணவில்லை. நீ இல்லை என்றாய். இரண்டு தடவை இல்லை என்றாய். மூன்றாவது தடவை உன்னைப் பேசவிடவில்லை. எல்லோரும் பார்க்க அடித்தேன். கொடிக்கம்பத்தடியில் மத்தியானம் வரை முட்டி போட வைத்தேன். டீச்சர் மகன் என்றால் ஒரு நியாயம், மற்றவன் என்றால் ஒரு நியாயமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது. நீ முட்டி போட்டிருந்த இடத்தில் சரளைக்கல். மாலையில் உன் முழங்காலில் ஒட்டியிருந்த கல்லை அப்பா ஒவ்வொன்றாக எடுத்தார்.

அன்று இரவு காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும்படி கோடி அற்புதரான புனித அந்தோனியாரை வேண்டலாம் என்று செபப்புத்தகத்தைத் திறந்தேன். அந்தோனியார் மன்றாட்டுப் பக்கத்தில் அந்த நோட்டுகள் இருந்தன. இரண்டு பத்து, நான்கு ஐந்து, ஒரு இரண்டு ரூபாய் நோட்டு. முந்தின நாள் மாலை டப்பா மூடி தளர்ந்திருக்கிறது என்று நானே எடுத்து வைத்திருக்கிறேன். வைத்ததே மறந்துபோயிற்று.

மறதி யாருக்கும் வரும். நான் அதற்காக இதை எழுதவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பணத்தை டப்பாவில் போட்டுவிட்டுச் சிஸ்டரிடம் கிடைத்துவிட்டது என்றேன். "பையன் கொடுத்துவிட்டானா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் சொந்தப் பிள்ளை என்றும் பாராத டீச்சர் என்று என்னைப் பாராட்டினார். நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ இரண்டாவது வரிசையில் நின்றாய். பிள்ளைகள் உன்னை 'உண்டியல்' என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டாய். பழக்கதோஷம் என்று அப்பா சிரித்தார். அவர் சாகும்வரை அவருக்கும் நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். களவு செய்யாதே என்கிற ஏழாம் கட்டளையைச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் பயந்துபோய்ப் பார்க்கும். எட்டாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே. அதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் பயம் இருக்காது, அவர்களுக்கு அது பெரியவர்களின் பாவம். ஒருவன் பொருளை எடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒருவன் பெயரை எடுத்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். 26 வருடமாக உன் பெயரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்தப் பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூருக்குத் தனியாகப் போனேன். உனக்கு முதல் மொட்டை போட்டு, புனித அருளானந்தர் பெயரை வைத்த இடம். மண் ஏன் சிவப்பு என்று கேட்டுக் கேட்டு ஆத்தாவைத் துளைத்தெடுப்பாய். 1693-இல் அவர் தலையை வெட்டியபோது சிந்திய இரத்தம் என்று ஆத்தா சொன்னதும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாய், மிதித்துவிடக் கூடாது என்று. அங்கே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மகனிடம் சொன்னீர்களா அம்மா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதைத்தான் பரிகாரமாகக் கொடுத்தார். ஈஸ்டருக்கு வருவாய், நேரில் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். இலை போட்டுக் காத்திருந்தது அதற்கும்தான்.

நீ எடுக்கவில்லை. அன்று நீ எடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு ராசா.

சின்னம்மா சொன்னது என்னவாக இருந்தாலும், அங்கே யார் என்ன எழுதி வைத்திருந்தாலும், நீ இல்லை என்று சொன்னால் இல்லைதான். நீ சொல்லாவிட்டாலும் இல்லைதான். இரண்டாவது தடவை கேட்க மாட்டேன். வக்கீல் செலவுக்குத் தயங்காதே. என் பெயரில் தபால் நிலையத்தில் இருப்பது உனக்குத் தெரியும். நிர்மலாவிடம் எதையும் மறைக்காதே, பாவம் அவள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

சிஸ்டர் இப்போது திண்டுக்கல்லில் அவர்கள் சபையின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வயது 80 தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, ஆனால் பழைய மாணவர்கள் பெயரைச் சொன்னால் அப்பா பெயரோடு சொல்லுகிறாராம். அவர் நினைவில் நீ அந்தப் பையனாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போகிறேன். அன்று தலையாட்டியது பொய் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அந்தோணியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தானும் உன்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன் என்று கடைசியில் சொன்னான். உன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், கூப்பிட்டால் எடு.

குழந்தைக்குச் சீப்புச் சீடை செய்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் நொறுங்கிவிடும், கையோடு கொண்டுவருகிறேன். பிள்ளை சேர்ப்பு வேலையை நாலு நாள் பிரியா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். திண்டுக்கல்லில் சிஸ்டரைப் பார்த்து முடிக்க நாலு மணி ஆகும். அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அதற்கு மேல் எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அம்மா