1984ஆம் ஆண்டுப் பதிப்பு என்று விற்கப்பட்ட பச்சை அட்டை இசைத்தட்டு குறித்த புகார்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: 'ரைட் த லைட்னிங்' இசைத்தட்டு – விளம்பரத்துக்கு மாறான பொருளை அனுப்பியமை – முழுத்தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

கடந்த மாதம் 9ஆம் தேதி தங்கள் இணையதளத்தில், மெட்டாலிகா என்ற த்ராஷ் மெட்டல் (அதிவேக ராக் இசை) குழுவின் இரண்டாவது ஆல்பமான 'ரைட் த லைட்னிங்' இசைத்தட்டை ரூ.38,500 செலுத்தி வாங்கினேன். 'பிரான்ஸ், 1984, பெர்னெட் ரெக்கார்ட்ஸ், பச்சை அட்டை, அசல்' என்பதே தாங்கள் கொடுத்திருந்த விவரம். 14ஆம் தேதி என் கைக்கு வந்தது அசல் அன்று.

பச்சை அட்டைக்கு ஏன் இந்த விலை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல; ஆனாலும் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் தொலைபேசியில் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு, அதையும் எழுதிவிடுவதே நல்லது என்று படுகிறது. கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் பதிவான இந்த ஆல்பம் 1984 ஜூலையில் வெளியானபோது அதன் அட்டை நீல நிறம்: மின்னல் வெட்டும் வானத்தின் நடுவே ஒரு மின்சார நாற்காலி. பிரான்சில் இதை வெளியிட்ட பெர்னெட் நிறுவனத்தின் அச்சுப் பிழையால் அட்டை பச்சையாகிவிட, அப்படி வெளிவந்தவை சுமார் 400 தட்டுகளே. சேகரிப்போர் காசு கொடுப்பது அந்தப் பிழைக்குத்தான், பச்சைச் சாயத்துக்கு அன்று.

வந்த தட்டின் நடுச்சீட்டில் 'பிளாக்கென்ட் ரெக்கார்டிங்ஸ்' என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. அது 2012இல் அக்குழுவினரே தொடங்கிய நிறுவனம். 28 ஆண்டுகள் கழித்துத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் பெயர் 1984ஆம் ஆண்டுத் தட்டில் எப்படி ஏறியது என்பதை விளக்க வேண்டுகிறேன். அட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், சிறிய படத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கியதுபோல மின்னல் கோடுகளின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. முதுகுப்புற மடிப்பில் பச்சைத்தாள் நகக்கண் அளவுக்குப் பிரிந்து, அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்க்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மறுபதிப்பின் மேல் யாரோ பச்சை நகலை ஒட்டியிருக்கிறார்கள். பசை வாடைகூட இன்னும் போகவில்லை.

தட்டு நன்றாகவே ஒலிக்கிறது என்பதை மறைக்கவில்லை. சொல்லப்போனால் என் முதல் சந்தேகமே அங்கிருந்துதான் எழுந்தது. முதல் பாடலான 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்', இடியாக இறங்குவதற்கு முன் மெல்லிய அக்கூஸ்டிக் கிட்டாரோடு தொடங்கும். பழைய தட்டென்றால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல இரைச்சல் கேட்கும் இடம் அது. இதிலோ துடைத்துவைத்தாற்போல இருந்தது. அதன் பிறகுதான் தட்டைக் கையிலெடுத்து நடுச்சீட்டைப் படித்தேன்.

'பச்சை கேட்டீர்கள், பச்சைதான் வந்திருக்கிறது. உள்ளே இருப்பதும் அதே எட்டுப் பாட்டுதானே' என்பது எனக்குக் கிடைத்த பதில். அந்த எட்டுப் பாடல்களும் நீல அட்டையிலும் கேசட்டிலும் என்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பாட்டுக்காக மட்டுமென்றால் இந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகளுக்கு முரணானவை. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதற்கு ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் அதே விதிகள் தங்களைக் கடமைப்படுத்துகின்றன. எனவே ரூ.38,500ஐயும் அனுப்புச் செலவையும் என் வங்கிக் கணக்கிலேயே திருப்பிச் செலுத்த வேண்டுகிறேன். அடுத்த கொள்முதலுக்கான கூப்பனை ஏற்க மாட்டேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிவு செய்வேன்.

தட்டு, அட்டை, பெட்டி எல்லாம் வந்தபடியே இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பிரிந்த மடிப்பை மட்டும் யாரும் மறுபடி ஒட்டிவிடாதிருக்க, அதன் நிழற்படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்