ஊருணிச் சுவரும் தலைப்பிரட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர்நிலைச் சீரமைப்பு பற்றி உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. தூர் வாருவது நல்ல காரியம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது போலவே எங்கள் ஊர் ஊருணியிலும் சரிவான மண் கரையை வெட்டி எடுத்துவிட்டு, செங்குத்தாகச் சிமெண்ட் சுவர் எழுப்பி வருகிறார்கள். மூன்று பக்கம் முடிந்துவிட்டது. தவளைக் குஞ்சுகள் இனி எந்த வழியாக வெளியே வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் தையற்காரன். கடை ஊருணிக்கு எதிரே. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம்தான். விடிந்து பார்த்தால் தேரை இட்ட முட்டைகள் கருமணி கோத்த சரடு மாதிரி கரையோரப் புல்லில் சுற்றிக் கிடக்கும். சில நாளில் கறுப்புத் தலைப்பிரட்டைகள் கூட்டமாகப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

பின்கால் முதலில் முளைப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முன்கால் அப்படி வெளிப்படையாக வளராது. செவுள் இருக்கும் அறைக்குள்ளேயே மறைவாக வளர்ந்து, திடீரென்று முழுக் காலாக வெளியே வரும். அப்புறம் எல்லாம் அவசரம்தான். வால் அறுந்து விழுவதில்லை, உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நாட்களில் குஞ்சு எதையும் தின்பதில்லை. பாசி சுரண்டிய வாய் போய்ப் பூச்சி பிடிக்கும் அகன்ற வாய் வரவேண்டும், நீளக் குடலும் சுருங்க வேண்டும். அதுவரை வால்தான் சாப்பாடு. இத்தனையையும் முடுக்கிவிடுவது நமக்குக் கழுத்தில் இருக்கிற அதே தைராய்டு சுரப்பிதான் என்று விலங்கியல் படிக்கும் என் மகள் சொன்னாள்.

செவுளும் அப்போதே போய்விடுகிறது. இனி நுரையீரலால் காற்றை இழுக்க வேண்டும், அதற்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் தண்ணீரில் பிறந்த உயிர் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். போன மழைக்குப் பிறகு பார்த்தேன்: சுண்டுவிரல் நகம் அளவு குஞ்சுகள், அரை வாலோடு, ஈரச் சுவரில் கொஞ்சம் தொற்றி ஏறுகின்றன. மேலே வெயிலில் காய்ந்த சிமெண்ட் வந்ததும் பிடி விட்டு விழுகின்றன. திரும்ப ஏறுகின்றன. மறுநாள் சுவரோரம் நிறைய மிதந்தன. மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டும் தட்டு உண்டு, அது ஏறிப் பிழைத்துக்கொள்ளும். தேரைக்கு அந்த வசதி இல்லை. படித்துறை இருக்கிறதே என்று ஒப்பந்ததாரர் கேட்டார். ஒரு படி முக்கால் அடி உயரம் ஐயா, நகம் அளவு குஞ்சுக்கு அது எட்டுமா?

வயலில் பூச்சி தின்னத் தவளை வேண்டும் என்றுதானே 1987-லேயே தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள்? கப்பல் ஏறாமல் காப்பாற்றியதை ஊருணியில் கொல்வானேன்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் வடகரையை மண் சரிவாகவே விடட்டும். ஆடு மாடு தண்ணீர் குடிக்கவும் அதுதான் தோது. கட்டி முடித்த பக்கங்களில் மூலைக்கு மூலை கருங்கல்லைச் சாய்வாக அடுக்கினால் போதும், சரளைக்கல்லாக இருந்தாலும் சரி. வடகரைக்குக் கம்பியும் ஜல்லியும் இன்னும் வந்து இறங்கவில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அதற்குள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
சிவகங்கை மாவட்டம்.