பழவேற்காடு: படகை மறந்துவிட்டுக் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'சென்னையிலிருந்து ஒரே நாளில் போய் வர' என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பட்டியலில் பழவேற்காடும் இருந்தது. படகுச் சவாரி, பூநாரைக் கூட்டம், டச்சுக் கோட்டை என்று மூன்றைச் சொல்லியிருந்தீர்கள். இதில் முதலாவது தடை செய்யப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பது. மூன்றாவது இடிந்து மண்ணாகிப் பல தலைமுறை ஆயிற்று. அதை நம்பிக் குடும்பத்தோடு பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் வெயிலில் நின்று, ஒன்றும் இல்லாத ஊர் என்று திட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரில் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் அது காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே இருக்கிறது.

முதலில் போகும் வழி. கும்மிடிப்பூண்டி தடப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்க வேண்டும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெட்ரோ தடத்தில் வசிப்பவர்கள் சென்ட்ரல் வரை வர வேண்டாம். விம்கோ நகர் வரை மெட்ரோவில் வந்து அங்கே புறநகர் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் மீன் ஏலத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவாது, விடியற்காலையின் முதல் வண்டிகளைத்தான் பிடிக்க வேண்டும். பொன்னேரியில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒட்டி இல்லை. ஷேர் ஆட்டோ எடுத்தால் நேரம் மிச்சம். அங்கிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குள்தான். திருப்பாலைவனம் வழியாகப் பேருந்து முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இந்த வழியில் திட்டம் கெடுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில். அன்று புறநகர் வண்டிகள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு என்று சில மணி நேரம் நிறுத்துவதும் இந்தத் தடத்தில் அடிக்கடி நடப்பது. முதல் நாள் மாலையே ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை வர முடிந்தால் சனிக்கிழமையே வாருங்கள்.

காரில் வருகிறவர்களை வரைபடச் செயலி சில சமயம் எண்ணூர், மீஞ்சூர் வழியாக இழுக்கும். தூரம் குறைவாகத் தெரியும். ஆனால் அது காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் லாரிகளின் சாலை. வரிசையில் மாட்டினால் காலை முழுவதும் அங்கேயே. செங்குன்றம், நல்லூர் சுங்கச்சாவடி தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பிப் பொன்னேரிக்குள் வருவதுதான் நிம்மதி.

இனி படகு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள். படகில் அளவுக்கு மீறிய கூட்டம். அதன் பிறகுதான் நிர்வாகம் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டது. தடை இருந்தும் 'முகத்துவாரம் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டறோம் சார்' என்று பஸ் ஸ்டாண்டிலேயே அழைப்பு வரும். ஆள் நல்லவராகவே இருப்பார், பிழைப்புக்குக் கேட்கிறார். இருந்தாலும் ஏறாதீர்கள்.

காரணம் சட்டம் மட்டும் இல்லை. அந்த ஃபைபர் படகு வலையும் மீனும் ஏற்றச் செய்தது. அந்தப் பாரம் படகின் அடியில் கிடக்கும், அசையாது. மனிதப் பாரம் விளிம்பில் உட்காரும். செல்போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கமாக எழுந்து நிற்கும். ஏரிக்குள் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம், பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். முகத்துவாரம் அப்படி இல்லை. நீர் குறைந்த காலத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டரும், பெருகும்போது 450 வரையும் விரியும் இந்த ஏரியின் தென்பகுதித் தண்ணீர், கடல்மட்டம் இறங்கும் வற்றத்தின்போது அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்குப் பாய்கிறது. எதிரே கடலலை உள்ளே வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதானே என்று நினைப்பார்கள்; உயரம் சின்னதுதான், ஓட்டம் சின்னது அல்ல. இடுப்பளவு ஆழம்தானே, இறங்கி நடந்துவிடலாம் என்பதும் தப்புக்கணக்கு. அடியில் உளைச்சேறு. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். முகத்துவாரத்தை ஒட்டிக் குளிப்பதும் இதே காரணத்தால் ஆகாது.

இன்னொரு காரணம், இது எந்த சுற்றுலாக் குறிப்பிலும் வருவதில்லை. ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் குழு வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. ஒரு குழுவுக்கு நல்ல இடம் வாய்க்கும் நாட்கள் எண்ணி வரும். அன்று நம்முடைய உல்லாசப் படகின் விசிறி அவர்கள் கட்டிய வலை மேல் ஏறினால் போவது ஒருவேளைக் கூலி மட்டும் இல்லை, அடுத்த முறை வரும் வரைக்குமான வருமானம்.

ஏரியைப் பார்க்கப் படகே தேவையில்லை. கடைத்தெருவிலிருந்து கலங்கரை விளக்கம் குப்பத்துக்குப் பாலம் போகிறது. அதன் நடுவில் நின்றால் இருபுறமும் தண்ணீர், வலைக்கழிகள், அவற்றின் உச்சியில் நீர்க்காகம். நடந்தே கடற்கரை வரை போய்விடலாம். காலை ஏழு மணிக்கு இந்த நடை சுகம். பதினொன்றரைக்கு இதே பாலத்தில் ஒதுங்க நிழல் கிடையாது.

மீன் இறங்குமிடத்துக்கு விடியும்போதே போய்விட வேண்டும். இரவில் கட்டிய வலைகளில் சிக்கிய மீன் அப்போதுதான் வந்து சேரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுப்பதால் இறால் வரத்து கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் கடலில் மீன் பிடிக்கும் விசைப்படகுகளுக்குத்தான், ஏரி மீன் அப்போதும் வரும். விலை மட்டும் ஏறியிருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும், அன்று கடல் மீனை எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கரையில் நின்றால் வடக்கு வானில் புகைக்கோடு கிடைக்கும்.

வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். சில்லறையில் எடை பெரும்பாலும் கிடையாது, கூறு கட்டித்தான் விற்பார்கள். மேலே பெரிய இறால், அடியில் பொடி. பரப்பிக் காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தலை உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், தலை தொங்கி ஓட்டில் கறுப்பு விழுந்தால் நேற்றையது. ஒரு கிலோ முழு இறாலைத் தலையும் ஓடும் எடுத்தால் அரை கிலோ சதைதான் தேறும். நாலு பேர் குழம்புக்கு ஒரு கிலோ என்று கணக்கிட்டு வாங்கி, வீட்டில் உரித்த பிறகு ஏமாந்ததாக நினைப்பவர்கள் உண்டு. நண்டு என்றால் உயிரோடு கட்டிப் போட்டதாகவே எடுங்கள். அடிப்பக்கம், கடைசிக் காலுக்கு அருகே கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்லாக இருந்தால் சதை நிறைந்தது. ஓடு அமுங்கினால் அது அண்மையில் சட்டை கழற்றிய நண்டு, உள்ளே வெறும் தண்ணீர். பார்க்கப் பெரிதாக இருந்தும் கையில் கனக்காத நண்டும் அதே வகைதான்.

வீடு வர மூன்று மணி நேரமாவது ஆகும் என்பதால் மூடி போட்ட தெர்மாகோல் பெட்டி கட்டாயம். மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், நடுவில் மீன், மேலே மீண்டும் ஐஸ். உருகும் தண்ணீரில் மீன் ஊறினால் ருசி போய்விடும், ஆகவே மீனைத் தனிப் பையில் கட்டிவிடுங்கள். நண்டை ஐஸுக்குள் புதைக்காமல் ஈரச் சாக்கில் சுற்றி மேலே வைத்தால் போதும். ரயிலில் ஏறுமுன் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பக்கத்து சீட்டுக்காரரின் சாபம் பொல்லாதது. கூடை பெரிதாக இருந்தால், சரக்கோடு ஏறும் வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாய்வெயில் போவதற்குள் டச்சுக் கல்லறைக்குப் போய்விடுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். கல்லில் குலச்சின்னங்களும் பூவேலையும் எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டவை. எட்டு, எட்டரைக்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு எழுத்தின் நிழலும் பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் அதே பலகை வெறும் சாம்பல் கல்லாகிவிடும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். காலையைத் தவறவிட்டவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள்.

கோட்டை என்று ஆட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பி, நெதர்லாந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்டிரியா என்று அழைத்த கோட்டை அது. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான அவர்களின் வாணிபத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். இப்போது இருப்பது மண்மேடும் அகழியும் சீமைக்கருவேலமும். முள், பாம்பு இரண்டுக்கும் பஞ்சமில்லை, செருப்புக்காலோடு உள்ளே நுழைய வேண்டாம். இந்த ஊரிலிருந்து கப்பலேறிய துணியின் நினைவு மட்டும் கடல் தாண்டி இன்னும் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கட்டம் போட்ட கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான்.

கோட்டைக்கு வைத்திருந்த நேரத்தை ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்குக் கொடுங்கள். செம்புரைக் கல்லில் எழுப்பிய கோயில். இராமாயணக் காட்சிகள் உள்ளங்கை அளவுச் சிற்பங்களாக இருக்கின்றன. நடை சாத்துமுன் போக வேண்டும். மகிமை மாதா ஆலயம் போர்த்துக்கீசியர் காலத்தது. பள்ளிவாசல்களைப் பார்க்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, அனுமதி கேட்டுச் செல்லுங்கள். இங்குள்ள பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் நேர்த்தியானவை. விலையை அடித்துக் கேட்காதீர்கள்.

பூநாரை விஷயத்துக்கு வருகிறேன். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நீங்கள் படத்தில் போட்டிருந்தது போன்ற கூட்டத்தைச் சாலையிலிருந்தே பார்க்கக் கூடிய இடம், சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலை. பழவேற்காட்டுப் பக்கத்தில் பல நாட்களில் தொலைவில் வெளிறிய ஒரு கோடாகத்தான் தெரியும். பைனாகுலர் இல்லாமல் அது பறவையா நுரையா என்று சொல்ல முடியாது. நவம்பரில் பூநாரை வரும் என்று எழுதியிருந்தீர்கள். வரும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது அவற்றுக்கு நிற்க இடம் இருக்காது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை அது, கால் மூழ்காத தண்ணீர் வேண்டும். நீர் வடிந்து திட்டுகள் தெரியத் தொடங்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோது. பறவைதான் நோக்கம் என்றால் ரயிலில் நேரே சூலூர்ப்பேட்டை போய், அங்கே வண்டி அமர்த்தி, அந்தச் சாலையையும் வடக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் உள்ள நேலப்பட்டு சரணாலயத்தின் கூழைக்கடாக்களையும் பாருங்கள். அது தனியாக ஒரு நாள். இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்த்தால் பெரும்பகுதி நேரம் சாலையில்தான் கழியும்.

கையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, சில்லறையாக ரொக்கம். கழிப்பறைத் தேவையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது, குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும். சாப்பாட்டுக்குச் சிறு ஓட்டல்கள்தான். மீன் சாப்பாடு தீர்வதற்குள் போய்விடுங்கள். திரும்பும்போது கடைசிப் பேருந்தை நம்பாமல் நாலரைக்குள் ஊரை விட்டுக் கிளம்பினால் பொன்னேரியில் ரயிலுக்கு மூச்சுவாங்க ஓட வேண்டியிராது. விடுமுறை நாட்களில் மாலைப் பேருந்துகளில் கால் வைக்க இடம் கிடைக்காது, தெர்மாகோல் பெட்டியோடு சொல்லவே வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தக் குறிப்பைப் போடும்போது லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் நின்று சிரிக்கும் குடும்பத்தின் படத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பொன்னேரி–பழவேற்காடு பேருந்து நேரப் பட்டியலைப் போடலாம். அளவு சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொன்னேரி.