தொண்டிக் கடலின் தாழைப் பரப்பையும் அதில் வாழும் சங்கு, சிப்பி, கணவாய் இனங்களையும் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள், தொண்டி வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மனமார வரவேற்றோம். அங்கே கடலடியில் புல்லாக வளரும் அதே கடல்தாழைதான் தெற்கே எங்கள் கரையிலும் தொடர்கிறது. இங்கே அதற்கு அந்தக் காவல் இல்லை.

தாழை கடற்பசுவுக்கு மட்டும் தீனியல்ல. ஊசிக்கணவாய் தாழையில் முட்டை ஒட்டும். விரல் போன்ற வெள்ளைக் கூடுகள் கொத்தாகத் தொங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே குஞ்சுகள் அசைவது தெரியும். ஐவிரல் சங்கு, முள்சங்கு, சோழி எல்லாம் அங்கேதான். இலையில் படியும் பாசியைச் சிறு நத்தைகள் மேய்வதால்தான் தாழைக்கு வெயில் கிடைக்கிறது. வேரடிச் சேற்றில் புதைந்து வாழும் லூசினிட் சிப்பிகளை யாரும் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. மட்கிய இலைகளால் சேற்றில் சேரும் சல்பைடு, வேரைக் கொல்லும் நஞ்சு. இச்சிப்பிகளின் செவுளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சைக் கொண்டே சிப்பிக்கு உணவு ஆக்கித் தருகின்றன, வேரும் பிழைக்கிறது. இந்தச் சிப்பிகள் அழிந்தால் தாழையும் நலியும்.

கரையோரத்தில் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைப் போட 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனாலும் இரவில் வருகிறார்கள். மடி தாழையை வேரோடு பிடுங்குகிறது. மறுநாள் கரை ஒதுங்கும் தாழையில் கணவாய் முட்டைகள் காய்ந்து கிடக்கின்றன. தீவனத்துக்குப் போகும் சங்காயக் (கழிவுமீன்) குவியலைக் கிளறினால், இன்னும் விரல் முளைக்காத ஐவிரல் சங்குக் குஞ்சுகள். வளர்ந்து முதிர்ந்தால்தான் அதற்கு விரல் வரும். அதாவது, ஒரு தடவைகூட இனம் பெருக்காதவை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

எனவே தாழைப் பகுதிகளில் இரவு ரோந்தை முறைப்படுத்தவும், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தின் துணையோடு எங்கள் கடலின் சங்கு, சிப்பி இனங்களைக் கணக்கெடுக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். கணக்கெடுப்பில் சங்கு குளிக்கும் எங்கள் ஆட்களையும் சேர்க்க வேண்டும். எந்தத் திட்டில் எது கிடக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. பாதுகாப்பகத்தை எங்கள் கரைக்கும் நீட்டிக்க அரசுக்குப் பரிந்துரையுங்கள். அப்படி நீட்டிக்கும்போது நண்டுவலைக்கும் தூண்டிலுக்கும் தடை வராது என்பதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி இருந்தால் காவலுக்கு நாங்களே முன்னால் நிற்போம்.

இப்படிக்கு,
தொண்டி வட்டார நாட்டுப்படகு மீனவர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)