முட்டை ஓடும் வினிகரும்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். "படிக்கச் சொன்னீங்களா, கடை வைக்கச் சொன்னீங்களா டீச்சர்? வீட்டுல ஊறுகாய் பாட்டில் ஒண்ணு மிச்சமில்ல. எல்லாத்துலயும் முட்டை ஓட்டைப் போட்டு வினிகர் ஊத்தி வெச்சிருக்கான்" என்றார். வரும்போது கோபம்தான். புறப்படும்போது வாசலில் நின்று, "ஆனா தூளாக்கிப் போட்ட பாட்டில் மட்டும் ஏன் அப்படிப் பொங்குது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன். பாட்டில் காணாமல் போன வீடு அது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை.

அறிவியல் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருப்பதால் இரண்டு மாதமாகப் பத்தாம் வகுப்புக்கு நானே பாடம் எடுக்கிறேன். இப்போது நடப்பது வேதிவினையின் வேகம். அதைப் பாதிப்பவை எவை என்று கேட்டால் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள்: செறிவு, வெப்பநிலை, அழுத்தம், புறப்பரப்பு, வினைவேக மாற்றி (தான் செலவாகாமல் வினையின் வேகத்தை மாற்றும் பொருள்). சூடாக்கினால் வினை ஏன் வேகமெடுக்கிறது என்று கேட்டேன். "மூலக்கூறுகள் வேகமா ஓடும், அதிகமா மோதும் மிஸ்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இது பாதி உண்மைகூட இல்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 27 டிகிரியில் இருக்கும் ஒரு வாயுவை 37 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. மோதல்களும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். ஆனால் பல வினைகள் 10 டிகிரி ஏறினாலே சுமார் இரண்டு மடங்கு வேகமாகிவிடுகின்றன. 2 சதவீதம் எங்கே, இரண்டு மடங்கு எங்கே? மீதி எங்கிருந்து வந்தது?

வகுப்பு அமைதியானது. அந்த அமைதிக்காகத்தான் நான் இன்னமும் சாக்பீஸ் பிடிக்கிறேன்.

திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தடவிய மரத்தில் நூறு பேர் ஏறப் பார்ப்பார்கள். முக்கால்வாசிப் பேர் பாதியில் சறுக்கிவிடுவார்கள், உச்சியைத் தொடுபவர் ஒன்றிரண்டு பேர். இப்போது எல்லோருக்கும் கொஞ்சமே கொஞ்சம் பலம் கூடுகிறது என்று வையுங்கள். கூட்டத்தின் சராசரி பெரிதாக மாறாது. ஆனால் ஒரு முழம் குறைவாக நின்று சறுக்கியவர்கள் இப்போது உச்சியைத் தொட்டுவிடுவார்கள். பரிசு வாங்குவோர் இரண்டிலிருந்து நாலாகிவிடுவார்கள். சூடு செய்யும் வேலை இதுதான். அந்த மரத்தின் உயரத்துக்குப் பாடப்புத்தகத்தில் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சுவீடனைச் சேர்ந்த அரீனியஸ் 1889இல் இதைச் சமன்பாடாக எழுதினார். வினைவேக மாற்றி ஆட்களுக்குப் பலம் கொடுப்பதில்லை. பக்கத்திலேயே குட்டையாக இன்னொரு மரத்தை நட்டுவைக்கிறது, அவ்வளவுதான்.

பலம் மட்டும் போதாது. ரவிக்கையின் கொக்கியும் வளையமும் சரியான பக்கம் சந்தித்தால்தான் மாட்டும். முதுகும் முதுகும் எத்தனை தடவை இடித்தாலும் மாட்டாது. மூலக்கூறுகளும் அப்படித்தான். போதிய ஆற்றலோடு, சரியான பக்கமாக மோத வேண்டும். இதற்கு மோதல் கொள்கை என்று பெயர். ஜெர்மனியில் மாக்ஸ் டிராவுட்ஸ் 1916இலும், இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸ் 1918இலும் இதைத் தனித்தனியே எழுதினார்கள். இடையில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே எழுதியது இங்கே தெரியவில்லை.

மோதல்கள் எவ்வளவு வீணாகப் போகின்றன தெரியுமா? இந்த அறையின் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு விநாடிக்குச் சுமார் 700 கோடி தடவை மற்றவற்றோடு மோதுகிறது. சமையல் எரிவாயு கசிந்த அறையிலும் இதே கதைதான். வாயுவும் ஆக்சிஜனும் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. சுவிட்சைத் தட்டும்போது வரும் சிறு பொறி போதும், ஒரு மூலையில் சில மூலக்கூறுகள் மரம் ஏறிவிடும். அவை வெளியிடும் வெப்பம் அடுத்தவற்றை ஏற்றிவிடும். பிறகு நம் கையில் இல்லை. அதனால் வாயு வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள், எரிவாயுக் கசிவு உதவி எண்ணான 1906க்கு அழையுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். பாடத்தில் இது இல்லை, ஆனாலும் வகுப்பில் இரண்டு தடவை சொன்னேன்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழி குமிழியாக வரும். முழு ஓட்டில் அமிலம் தொடமுடிவது வெளிமுகத்தையும் உள்முகத்தையும் மட்டுமே. நடுவில் இருப்பவை தங்கள் முறைக்குக் காத்திருக்கவேண்டும். அம்மியில் பொடித்துவிட்டால் உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்து ஒரே நேரத்தில் மோதலுக்கு நிற்கும். பையன் செய்தது சரியான சோதனைதான், பாட்டிலை மூடியதுதான் தப்பு. வாயு சேர்ந்தால் மூடி தெறிக்கும், பாட்டிலே வெடிக்கவும் கூடும். மூடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டது என் பிழை.

கார்த்திகைக்கு மாவளி சுற்றும் வீடுகளில் இதையே பெரியவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். பனம்பூவைக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுற்றி, பனைமட்டைக்கு நடுவே கட்டிச் சுழற்றுகிறோம். பொடித்ததால் பரப்பு கூடுகிறது. சுழற்றுவதால் புதுக்காற்று வந்து மோதிக்கொண்டே இருக்கிறது. கரியைத் துண்டாகவே வைத்திருந்தால் புகையும், பொறி பூவாகக் கொட்டாது. தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் பிள்ளைகளை அவர்களிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். யாராவது செய்துகாட்டினால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். எங்கள் ஊரில் பார்த்தே வெகுநாளாகிவிட்டது.

குக்கரைப் பற்றியும் கேட்பார்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், குக்கரில் அழுத்தத்தால் சுமார் 120 வரை போகும். அந்த 20 டிகிரிதான் பருப்பைச் சீக்கிரம் வேகவைக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது பெரும்பாடு.

இரண்டு வாரத்துக்குப் பிள்ளைகள் முட்டை ஓடு, வினிகர், வெந்நீர் கேட்பார்கள், கொடுங்கள். வெந்நீரை நீங்களே ஊற்றிக்கொடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவிடாதீர்கள். அதையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். அது நெஞ்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. மாவையோ கரிப்பொடியையோ அடுப்புத் தீயின் மேல் தூவிப் பார்க்கவும் விடாதீர்கள். "ஆர்வக்கோளாறு" என்று நாம் சிரிக்கிற விஷயமல்ல இது. பொடி பறக்கும் காற்றில் தீ பாய்ந்துவிடும்.

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆய்வகத்தில் இரண்டு சோதனைகளைச் செய்துகாட்டுகிறோம். ஒன்று, தாளில் போட்ட பெருக்கல் குறியின் மேல் சோடியம் தயோசல்பேட் கரைசலை வைத்து, அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பது. கந்தகம் கலங்கிக் குறி மறையும்வரை பிள்ளைகள் விநாடி எண்ணுவார்கள், பிறகு கரைசலைச் சூடாக்கி இன்னொரு தடவை எண்ணுவார்கள். கொஞ்சம் நெடி வரும், ஜன்னல்கள் திறந்திருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் வராந்தாவில் நின்று பார்க்கலாம். மற்றொன்று, ஹைட்ரஜன் பெராக்சைடில் உருளைக்கிழங்குத் துண்டு. பச்சைக் கிழங்கு நுரைக்கும், வேகவைத்தது சும்மா கிடக்கும். ஏன் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், நான் சொல்லப்போவதில்லை.

வேலைக்குப் போகும் பெற்றோர்கள் வரமுடியாவிட்டால் பரவாயில்லை. வினிகரைப் பள்ளியே வாங்கிவிடும். முட்டை ஓடு சத்துணவுக் கூடத்தில் வேண்டிய அளவு இருக்கிறது. காலி ஜாம் பாட்டில் இருந்தால் மட்டும் கழுவிக் கொடுத்தனுப்புங்கள். அந்த அம்மாவின் ஊறுகாய் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்