பனி கொட்டுகிற ஊரில் ஐஸுக்கு என்ன பஞ்சம் என்று கேட்டாயே

மச்சான்,

உன் மெசேஜுக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோவிக்காதே. போனில் கதைக்கலாம்தான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் எந்தக் கதையும் கிரிக்கெட்டில்தான் போய் நிற்கும், அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ இந்தக் குளிரோடு கூடிவிட்டது, ரொறன்ரோ பக்கம் ஸ்காபரோவில் அண்ணா வீட்டில் போய் இருங்கோ என்றால் கேட்கிறா இல்லை. மனிசிக்கு இன்னும் இரவு ஷிப்ட்தான். பெரியவன் இங்கத்தைத் தலைநகர் சென்ட் ஜோன்ஸில் படிக்கிறான், காசு தேவைப்படும்போது மட்டும் எங்களை நினைக்கிறான். மற்றது சின்னவள், ஐஸில் சுழன்று குதிக்கிற ஃபிகர் ஸ்கேட்டிங் பழகுகிறாள், அவளைப் பற்றித்தான் நீ கேட்டிருந்தாய்.

"ஆறு மாதம் பனிக்குள் கிடக்கிற தீவில் ஐஸ் ஸ்கேட்டிங் பழக என்ன கஷ்டம், வாசலில் இறங்கி வழுக்கினால் போதாதா" என்று எழுதியிருந்தாய். நீ பரவாயில்லை, ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரரே அதைத்தான் கேட்கிறார்கள். ஊரில் கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கிற இந்த நியூஃபவுண்ட்லாந்து என்றால், 1986 ஓகஸ்டில் எங்கட ஆக்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்து வந்ததும், மீன்பிடிக்கப் போனவர்கள் அவர்களைத் தூக்கிக் கரை சேர்த்ததும்தான் எல்லோருக்கும் ஞாபகம். அதே தீவுதான். நாங்கள் இருக்கிற கேண்டர், தலைநகர் சென்ட் ஜோன்ஸிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேலே, தீவின் உள்பக்கமாக இருக்கிறது. 2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளியை மூடினபோது 38 விமானங்கள் வந்து இறங்கிய ஊர் என்றால் உனக்கு விளங்கும்.

குளிர் வேறு, ஐஸ் வேறு மச்சான். இங்கே கடற்காற்று, ஒரு கிழமை உறையும், மறுகிழமை மழை பெய்து எல்லாம் கஞ்சியாகும், பிறகு அதே கஞ்சி கரடுமுரடாக இறுகும். குளத்தில் வழுக்கி விளையாடலாம், சுழன்று எழும்பி ஒற்றைக் காலில் வந்து இறங்க முடியாது. அதற்கு மண்டபத்துக்குள் இயந்திரம் போட்டு உறைய வைத்த ஐஸ் வேண்டும். அது சின்ன ஊர்களில் இலையுதிர் காலத்தில் போட்டால் வசந்தத்தில் உருக்கிவிடுவார்கள், கோடை முழுக்க வெறும் சீமெந்துத் தரை. பெரிய நகரத்துப் பிள்ளை வருடம் முழுக்கப் பழகும்போது எங்கட பிள்ளை கோடையில் தோட்டத்தில் கயிறு அடித்துக்கொண்டு நிற்கும். மாரியில் ஐஸ் இருக்கிற நேரத்திலும் முதலுரிமை ஹொக்கிக்குத்தான். பின்னேரம், சனி, ஞாயிறு எல்லாம் அவர்களுக்கு. எங்களுக்கு விடியப்புறம் கிடைக்கும், அதையும் நான் குறை சொல்லவில்லை, மண்டபத்தின் மின்சாரக் கட்டணத்தில் பெரிய பங்கு அவர்களின் காசுதான். ஆனால் ஹொக்கிக்கு இறுக்கமான, கூடக் குளிரான ஐஸ் வேண்டும், ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குக் கொஞ்சம் மென்மையாக இருந்தால்தான் பிளேட் கடித்துப் பிடிக்கும், இறங்கும்போது முழங்காலும் தப்பும். ஒரே ஐஸில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது, கூட ஆட்கள் இருக்கிற பக்கம் ஐஸ் இறுகும்.

பிளேட் என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும், இதை நேரில் பார்க்கும்வரை எனக்கே விளங்கவில்லை. ஐஸ் சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் பிளேட்டின் அடி தட்டையாக இராது. நீளவாட்டில் நடுவே மெல்லிய பள்ளம் ஓடும், அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. இந்த விளையாட்டு முழுக்க அந்த விளிம்புகளில்தான் நிற்கிறது. பின்பக்கமாக வந்து உள்விளிம்பில் கிளம்பினால் அந்தக் குதிப்பு ஃபிளிப், வெளிவிளிம்பில் கிளம்பினால் லூட்ஸ், மாறிக் கிளம்பினால் புள்ளியை வெட்டுவார்கள். முன்நுனியில் ரம்பப் பல் மாதிரி வெட்டு இருக்கும், இந்த இரண்டு குதிப்புக்கும் அதைக் குத்தித்தான் மேலே எழும்புவது. ஹொக்கி பிளேட்டில் அந்தப் பல் கிடையாது. இங்கே கூர் போடுகிற ஆட்கள் எல்லோரும் ஹொக்கிக்குப் பழகிய கை. போன மாரியில் அவசரத்துக்கு ஒரு கடையில் கொடுத்து எடுத்தோம், சின்னவள் அடுத்த நாள் டபுள், அதாவது காற்றில் இரண்டு தரம் சுழல்கிற குதிப்பு, பழகப்போய் இறங்குகிற இறங்குகிற தரமெல்லாம் கால் வழுகி விழுந்தாள். அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பயிற்சியாளர் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கவிழ்த்து, பிளேட்டின் குறுக்கே ஒரு 25 சத நாணயத்தை வைத்துக் காட்டினா. நாணயம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஒரு விளிம்பு உயரம், மற்றது பதிவு, போதாததற்குப் பல்லின் அடிவரிசையையும் கொஞ்சம் தேய்த்துவிட்டிருந்தார்கள். அந்த பிளேட் அவ்வளவுதான். இப்போது கூர் போடுவதென்றால் சென்ட் ஜோன்ஸுக்குப் போகிற யாராவது ஒருவரின் காரில் ஊர்ப் பிள்ளைகளின் சப்பாத்தெல்லாம் ஒரு பெட்டியில் போகும். நாங்களே கொண்டு போனால் பகலில்தான் ஓடுவோம். வீதிக்கு மூஸ் வரும், குதிரையை விட உயரமான மான். 1904இல் நாலே நாலைக் கொண்டுவந்து விட்டவர்களாம், இப்போது தீவு முழுக்க அதுதான். இருட்டில் கறுப்பாக நிற்கும், முன்விளக்கு அதன் காலுக்குக் கீழாலே போய்விடும்.

சரி, இதெல்லாம் சமாளிக்கலாம். உண்மையில் கையைக் கடிக்கிறது வேறு இடத்தில். மாகாணப் போட்டியில் நன்றாகச் செய்தால் பிறகு நாடளாவிய தகுதிப் போட்டிக்குப் போக வேண்டும், அது பெரும்பாலும் பெருநிலத்தில்தான். விமானம்தான் வழி. கப்பல் இருக்கிறது, ஆனால் தீவின் மேற்கு முனைக்கே பாதி நாள் கார் ஓட வேண்டும். பிள்ளைக்கு ரிக்கெற், தாய்க்கோ தகப்பனுக்கோ ரிக்கெற், அதோடு பயிற்சியாளரின் ரிக்கெற், ஹோட்டல், சாப்பாடு, அந்த நாட்களுக்கான சம்பளம் எல்லாம் குடும்பத்தின் தலையில். ரொறன்ரோவில் ஒரு பயிற்சியாளரிடம் எட்டுப் பத்துப் பிள்ளைகள் தகுதி பெற்றிருப்பார்கள், செலவைப் பங்கு போடுவார்கள். இங்கே ஊருக்கு ஒரு பிள்ளை தகுதி பெற்றால் அதுவே அதிசயம், ஆகவே அந்த ஒரு வீடுதான் முழுவதையும் கட்டும். திறமை கூடக் கூடத் தனித்துப் போகிறோம் என்பதை நான் இந்தப் பில்லைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். அதற்கு மேல் மூடுபனி விழுந்து விமானம் ரத்தானால் பயிற்சி ஓட்டத்தையே தவறவிட்டு நேராகப் போட்டி ஐஸில் இறங்க வேண்டும்.

அதோடு, பார்த்துப் பழக ஆள் இல்லை. நாங்கள் கீரிமலைக் கேணியில் எப்படிப் பழகினோம்? ஒருவரும் பாடம் எடுக்கவில்லை, பெரிய பெடியள் குதிப்பதைப் பார்த்துப் பார்த்துக் குதித்தோம். டபுள் அக்செல் என்றால் முன்பக்கமாகக் கிளம்பி இரண்டரைச் சுற்றுச் சுழல்கிற குதிப்பு. எங்கள் மண்டபத்தில் அதைச் செய்கிறவர் ஒருவரும் இல்லை, சின்னவளுக்கு அது போனில் பார்க்கிற சாமான். எதிரே இரண்டு மீற்றரில் ஒரு பிள்ளை அதைச் செய்து, விழுந்து, எழும்பித் திரும்பச் செய்வதைத் தினமும் பார்த்தால்தான் இதுவும் மனிதர் செய்கிற காரியம் என்று உடம்புக்குத் தெரியும். ஐஸ் டான்ஸ் பழகலாம் என்றால் சோடி வேண்டும், பெடியள் எல்லோரும் ஹொக்கிக்குப் போய்விட்டார்கள்.

நீ இப்போது இந்தத் தீவில் பிறந்து ஸ்கேட்டிங்கில் உலகச் சம்பியனான கேட்லின் ஒஸ்மண்டைச் சொல்வாய், இல்லாவிட்டாலும் மனிசி சொல்லுவாள். தென்பக்கத்தில் பியூரின் குடாநாட்டில் மேரிஸ்டவுன் என்று ஐயாயிரம் பேரளவில் இருக்கிற ஊர், கப்பல் கட்டிய, மீன் பதப்படுத்திய ஊர், 1992இல் கொட் மீன்பிடியைத் தடை செய்த பிறகு இந்தக் கரை முழுக்கப் பட்ட பாடு உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே 1995இல் பிறந்தவள், தமக்கையைப் பார்த்து மூன்று வயதில் ஐஸில் இறங்கினவள். 2017இல் உலகப் போட்டியில் வெள்ளி, 2018 பியொங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம், அணிப் போட்டியில் தங்கம், அடுத்த மாதமே மிலானில் உலகச் சம்பியன். கனடியப் பெண் ஒருத்தி அதை எடுத்தது 1973க்குப் பிறகு அப்போதுதான். ஊர் மண்டபத்துக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்கள், ஒருமுறை போட்டிக்குப் போனபோது சின்னவள் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்தாள்.

ஆனால் மனிசி அந்தக் கதையில் சொல்லாமல் விடுகிற ஒரு துண்டு இருக்கிறது. அவள் முதலில் மொன்றியலுக்குப் போய், பத்து வயதில் அல்பேர்ட்டாவுக்குப் போய், எட்மன்டனில் ரவி வாலியா என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்தவள். 2014 செப்டெம்பரில் பயிற்சியில் வலது கால் முறிந்து ஒரு பருவம் முழுக்கப் போய், அதிலிருந்து எழும்பி வந்துதான் இந்தப் பதக்கமெல்லாம். அந்தக் கால் இங்கே முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு ஆஸ்பத்திரிக்காரனாக யோசிக்கிறேன், சொல்ல விருப்பமில்லை. அவளுடைய குடும்பம் செய்ததைப் பிழை என்று சொல்ல நான் யார். ஆனால் மேரிஸ்டவுனிலிருந்து உலகச் சம்பியன் வரலாம் என்பதற்கு அவளை உதாரணம் காட்டுகிறார்கள், மேரிஸ்டவுனை விட்டுப் பத்து வயதில் வெளிக்கிட்டால் வரலாம் என்பதற்குத்தான் அவள் உதாரணம். ஐஸில் கல்லை வழுக்கிவிட்டு ஆடுகிற கேர்லிங்காரருக்கு அந்தக் கவலை இல்லை, பிராட் கஷூ சென்ட் ஜோன்ஸிலேயே இருந்துகொண்டு 2006 ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார், அன்று பின்னேரம் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்களாம்.

இருந்த இடத்திலேயே இருந்து செய்தவர் என்று ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எனக்குப் பிடித்த ஆள் கீகன் மெஸ்ஸிங். அலாஸ்காக்காரர், தாய்வழியில் கனடாவுக்காக ஆடினவர். 1877இல் கனடாவுக்கு வந்த முதல் ஜப்பானியர் என்று சொல்லப்படுகிற மன்சோ நகானோவின் வழித்தோன்றல். அங்கரேஜில், ஒரே பயிற்சியாளரிடம், கடைசிவரை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போகிற நேரம் வான்கூவரில் கோவிட் பிடித்து நின்றுவிட்டார், மற்ற வீரர்களின் விமானம் போய்விட்டது. பிறகு மொன்றியல், ஃபிராங்க்ஃபர்ட், மிலான் என்று உலகத்தைச் சுற்றி, போட்டிக்கு முதல்நாள் போய் இறங்கி, அடுத்த நாள் ஐஸில் நின்றார். பதினோராம் இடம். மெக்சிக்கோவின் டொனொவன் கரியோவும் அதே ஒலிம்பிக்தான், கடைத்தொகுதிக்குள் இருக்கிற சின்ன ஐஸில் சனங்களுக்கு நடுவே பழகி, இறுதிச் சுற்று வரைக்கும் வந்து 22ஆம் இடம். இவர்கள் ஒலிம்பிக் பதக்கம் எடுக்கவில்லை. அதுதான் மனிசி சொல்லுகிற வாதம், எனக்கு அதற்கு மறுவாதம் கிடையாது. எனக்குப் பதினோராம் இடம் போதும் என்றால், "உங்களுக்குப் போதும், அவளுக்கு?" என்கிறாள்.

அவள் சொல்வது நாங்கள் ஸ்காபரோவுக்குப் போகலாம் என்று. அண்ணா வீடு இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, தமிழ்ப் பள்ளிக்கூடமும் இருக்கிறது, இட்லி மாவு கடையில் கிடைக்கும். நான் இங்கே வேலையை விட்டுவிட்டு ஐம்பதுக்குக் கிட்டப் புதிதாகத் தொடங்க வேண்டும், அல்லது அவளும் சின்னவளும் அங்கே, நானும் அம்மாவும் இங்கே. இப்படிப் பிரிந்திருந்த குடும்பங்களை நீயும் நானும் எத்தனை பார்த்திருக்கிறோம், அது சண்டைக்காக. இது பதினொரு வயதுப் பிள்ளையின் டபுள் அக்செலுக்காக. எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பெரியவர் போட்டிக்கான வயதை 15இலிருந்து 17ஆகக் கட்டம் கட்டமாக உயர்த்தியது, 2024 பருவத்திலிருந்து 17தான். எல்லோரும் அதைச் சின்னப் பிள்ளைகளின் உடம்பைக் காப்பாற்றுகிற விதி என்று பார்க்கிறார்கள், சரிதான். நான் தூரத்து ஊர்ப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்: பத்து வயதில் வீட்டைக் கிளப்புகிற அவசரம் இரண்டு வருடம் பின்னுக்குப் போகிறது. சங்கங்கள் பிள்ளைகளை நகரத்துக்கு இழுக்கிற காசில் பாதியைச் செலவழித்து, கோடையில் ஏதாவது ஒரு சின்ன ஊர் மண்டபத்தில் ஐஸை விட்டு வைத்து, நல்ல பயிற்சியாளர் இரண்டு பேரையும் கூர் போடத் தெரிந்த ஒருவரையும் ஆறு கிழமைக்கு அனுப்பினால் போதும் என்பது என் கணக்கு. கிளப் கூட்டத்தில் சொன்னேன். நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டார்கள், பிறகு மண்டபத்துக் கண்ணாடிக் கதவு பழுது என்பதில் கூட்டம் முடிந்தது.

சின்னவளைக் கேட்டால், போனால் போவோம், ஆனால் அவளுடைய சினேகிதியும் வர வேண்டுமாம். ஆகவே இப்போதைக்கு நான் வைத்திருக்கிற முடிவு இதுதான்: வருகிற கோடையில் அவளை மட்டும் அண்ணா வீட்டில் விட்டு ரொறன்ரோவில் பழக விடுவது, திரும்பி வந்து பள்ளிக்கூடம் இங்கே. மனிசி அரை மனதோடு ஓம் என்றிருக்கிறாள். 14 வயதில் திரும்ப யோசிப்போம்.

நீ இருபது வருடமாக மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கிறவன், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கோலூன்றிப் பாய்தலுக்குக் கொழும்பு விடுதிக்கு அனுப்பினீர்களே இரண்டு பிள்ளைகள், ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள் என்று சொன்னாய். ஏன் வந்தாள்? அவளுடைய தாய் தகப்பன் அனுப்பினதைப் பற்றி இப்போது என்ன சொல்கிறார்கள்? எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், நடந்ததை அப்படியே எழுது. ஞாயிறு உனக்கு இரவு எட்டு மணிக்கு எடுக்கிறேன், எனக்குக் காலை பதினொன்று. உலக நேரக் கணக்கில் உங்களுக்கும் ஒரு அரை மணி ஒட்டியிருக்கிறது, இந்தத் தீவுக்கும் ஒரு அரை மணி, அதனால் கணக்குச் சரியாக ஒன்பது மணித்தியாலத்தில் வந்து நிற்கிறது, ரொறன்ரோக்காரரோடு கதைத்தால்கூட எனக்கு இந்த வசதி இல்லை. மாமி அனுப்பிய ஒடியல் மாவு வந்து சேர்ந்தது, கூழ் காய்ச்சியாயிற்று, இந்தக் கரையின் நண்டு போட்டு. அடுத்த தரம் யாராவது வந்தால் புழுக்கொடியலும் கொடுத்துவிடு.

உன் பழைய வாங்குத் தோழன்