எங்கள் முகவரியிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர்,
ஊராட்சிப் பதிவேட்டில் 'காலனி' என்று குறிக்கப்பட்டுள்ள பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: 'காலனி' என்ற பெயரை நீக்கி, ஊரின் பெரிய தெருப் பெயரையே எங்கள் பகுதிக்கும் வழங்கி, கதவு எண்களைத் தொடர்ச்சியாக அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள் 29.4.2025 அன்று சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று வெளியிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டத்தின்கீழ் ஆதிதிராவிடர் நலத்துறை எடுத்துக்கொடுத்த நிலத்தில், இலவச வீட்டுமனைப் பட்டா பெற்றுத் தொகுப்பு வீடுகளில் குடியேறிய 43 குடும்பங்களின் சார்பாக இம்மனுவை அளிக்கிறோம். இதை எழுதும் நான் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே சொல்லைப் பற்றிச் சற்று விரித்து எழுதினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

காலனி என்ற சொல் எல்லா இடத்திலும் இழிவானதன்று. லத்தீன் மொழியில் உழுது பயிரிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, ரோமானியர் புதிதாகக் குடியேறிய ஊர்களுக்குப் பெயராகி, பின்னர் ஐரோப்பியர் பிடித்து ஆண்ட நாடுகளைக் குறித்த சொல் அது. நம் பாடநூல்களில் காலனி ஆதிக்கம் என்று படிக்கிறோம். அறிவியல் வகுப்பில் எறும்புக்கும் தேனீக்கும் நுண்ணுயிர்க்கும்கூட அதையே சொல்கிறோம். சென்னை மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி இருக்கிறது, திருச்சி பொன்மலையில் ரயில்வே காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் முகவரியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. அவற்றை மாற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

ஆனால் முன்னொட்டு எதுவும் இல்லாமல் வெறுமனே 'காலனி' என்று கிராமத்தில் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். 'நீங்க ஊரா, காலனியா?' என்று கேட்பவர் எங்கள் வீடு இருக்கும் திசையைக் கேட்கவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஊர் என்பது ஒன்று, காலனி என்பது வேறொன்று என்று அந்தக் கேள்வியே பிரித்து வைத்துவிடுகிறது. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் எங்கள் பிள்ளைகள் ஆதார் அட்டையை நீட்டிய பிறகு, காலியாக இருந்த வீடு திடீரென்று 'சொந்தக்காரங்களுக்குக் கொடுத்தாச்சு' என்றாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். சாதிச் சான்றிதழ் கேட்காத இடத்திலும் எங்கள் முகவரி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. எங்கள் பேருந்து நிறுத்தப் பலகையில் றன்னகரத்துக்குப் பதிலாக டண்ணகரம் போட்டுக் 'காலணி' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் அறியாமல் செய்த பிழையாகவே அது இருக்கலாம். ஆனால் ஊர்த் தெருவுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த முதியவர்கள் எங்களிடையே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பலகையின் கீழ்தான் அவர்கள் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் போதுமா என்ற கேள்வி எங்கள் கூட்டத்திலேயே எழுந்தது. அது நியாயமான கேள்வி. முற்காலத்தில் 'சேரி' என்பதும் மக்கள் சேர்ந்து வாழும் இடத்துக்கான பொதுச்சொல்லாகவே இருந்தது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர் வாழ்ந்த அவ்வூரின் பகுதிகளையே சேரி என்று குறிக்கிறது. பிற்காலத்தில் அச்சொல் எங்கள் மீது மட்டும் ஒட்டிக்கொண்டு வசையாயிற்று. அதைச் சொல்லக் கூசியவர்கள் நாகரிகமாகக் காலனி என்றார்கள். இப்போது அதுவும் வசையாகிவிட்டது. அரிசன காலனி என்றிருந்த பலகை ஆதிதிராவிடர் காலனி என்று மாறியபோதும் பலகை நின்ற இடம் மாறவில்லை.

இந்தக் காரணத்தால்தான் புதுப்பெயர் வைப்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. இளைஞர்கள் அம்பேத்கர் நகர் என்று வைக்க விரும்பினார்கள். அண்ணலின் பெயரை மறுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆயினும் அவர் பெயர் எங்கள் பகுதிக்கு மட்டுமே உரியது என்பதுபோல் ஆக்கப்பட்டால், அதுவும் சில ஆண்டுகளில் இன்னொரு காலனியாகிவிடும் என்று ஒரு மூதாட்டி சொன்னதை இளைஞர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கேரள அரசு 18.6.2024 அன்று பிறப்பித்த ஆணையில் காலனி என்பதற்குப் பதிலாக நகர் முதலிய சொற்களைப் பரிந்துரைத்ததை நாங்கள் அறிவோம். ஆனால் எங்களுக்கெனத் தனியாக ஒரு பெயர் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

எங்கள் ஊரின் பெரிய தெரு கோயிலில் தொடங்கி, நியாயவிலைக் கடையைக் கடந்து, வளைவு ஏதுமின்றி எங்கள் வீடுகள் வரை வருகிறது. தார் ஒன்றுதான், தெருவிளக்குக் கம்பி ஒன்றுதான். ஆனால் நியாயவிலைக் கடைக்கு அடுத்த வீட்டின் கதவு எண் 2/84 என்றும், அதற்குச் சுமார் அறுபது அடி தள்ளி இருக்கும் எங்கள் முதல் வீட்டின் எண் 5/1 என்றும் இருக்கின்றன. அந்த அறுபது அடியில் தெருவின் பெயரும் முடிந்துவிடுகிறது. ஆகவே பெரிய தெரு என்ற பெயரை எங்கள் கடைசி வீடு வரை நீட்டித்து, கதவு எண்களையும் தொடர்ச்சியாக வழங்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. குடியிருப்புகள், தெருக்கள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை நீக்குவது குறித்து 2025 அக்டோபரில் வெளியான அரசாணையைக் கருத்தில் கொண்டு, இதை அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் பொருளாகச் சேர்க்கவும், எதிர்ப்புக் குரல் எழும் என்பதை நாங்கள் அறிந்திருப்பதால் அன்று வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் நேரில் இருக்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

பெயர் மாறியபின் வரும் அலைச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு அரிசன காலனி என்பது மாறியபோது, என் தாயாரின் குடும்ப அட்டையில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் வேறு பெயரும் இருந்ததால் முதியோர் உதவித்தொகை சில மாதங்கள் நின்றுபோயிற்று. அதுபோல் மீண்டும் நேராதிருக்க, ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு, வீட்டு வரி, நூறு நாள் வேலை அட்டை ஆகிய அனைத்திலும் முகவரியைக் கட்டணமின்றித் திருத்தித் தர எங்கள் பகுதியிலேயே சிறப்பு முகாம் நடத்த வேண்டும். பட்டாவில் உள்ள பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே இடத்தையே குறிக்கும் என்று வட்டாட்சியர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சான்று வழங்கினால், வங்கிக் கடனுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அது உதவும்.

பேருந்து நிறுத்தப் பலகையை மட்டும் கிராம சபை வரை காத்திராமல் உடனே அகற்ற வேண்டுகிறோம். புதுப் பலகை வரும்வரை அங்கே ஊரின் பெயர் மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
43 குடும்பத்தினர்